ஓயாக்காவுக்கு ஒரு நாற்காலி

கோஸ்குதுக் ஸ்டேஷன்
பிப்ரவரி 9, 2001

அன்புள்ள ஓயாக்காவுக்கு ஐஜமால் எழுதிக்கொண்டது.

முறைப்படி முதலில் மாட்டைச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பசு நலம், சினையாக இருக்கிறது. உங்கள் தம்பி சபிர் நலம். இருமல் மட்டும் விடவில்லை. பட்டறையில் புகையைக் குடித்துவிட்டு வீட்டில் வந்து இருமுகிறார். நானும் நலம். உங்கள் பக்கம் ஆடுமாடும் உயிர்களும் நலமா?

இங்கார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விட்டால் விழுகிறாள், விழுந்தால் சுவரை அடிக்கிறாள். சீக்கிரம் நடந்துவிடுவாள். நடந்ததும் முறைப்படி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, அந்தக் கால்கயிறு அறுக்க வேண்டும். யாரை வைத்து அறுப்பது என்று மற்ற வீடுகளில் மாதக்கணக்கில் பேசுவார்கள். இந்த வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. அறுக்கிறவரின் நடைதான் பிள்ளைக்கு வரும் என்றால், என் மகளுக்கு நான் கேட்பது உங்கள் நடையைத்தான்.

நான் கல்யாணமாகி வந்த அன்று, "புருஷன் வீட்டு ஆளுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆளுக்கொரு பேர் வை" என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்களே, நினைவிருக்கிறதா? உங்கள் சித்தப்பாவுக்குப் பெயர் யோசிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. உங்களுக்கு மட்டும் யோசிக்கவே இல்லை. தேநீர்த் தட்டோடு எனக்குக் குறுக்கே போய் வந்துகொண்டே இருந்தீர்கள். "ஓயாக்கா" என்றேன். வீடே சிரித்தது.

ஒன்று கேட்க வேண்டும். போன முறை உங்கள் ரயில் இங்கே நின்றபோது நீங்கள் கீழே இறங்கவில்லை. பெட்டி வாசலில் நின்றபடியே நான் மாவு பொரித்துக் கொண்டுவந்த பவுர்சாக் பையை வாங்கிக்கொண்டீர்கள். குளிரா, என்மேல் கோபமா?

மூத்தவள் உங்களுக்கு உடம்பு சுகமும் சின்னவள் எனக்குப் பதில் கடிதமும் கிடைக்கட்டும்.

ஐஜமால்

*

வண்டியில்
பிப்ரவரி 27

அன்புள்ள ஐஜமாலுக்கு,

என் ஆடுமாடெல்லாம் நலம். ஐந்தாம் பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு மேற்கே போகிறேன். சிலது குறட்டை விடுகிறது. ஒன்று படுக்கை விரிப்பில் மீன் உரிக்கிறது. நானும் நலம். உன் பவுர்சாக்கை சோயா பாதிக்கு மேல் தின்றுவிட்டாள். பத்து வருடமாக ஒரே பெட்டியில் சேர்ந்து வேலை பார்ப்பவள், அவளுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

குளிர்காலம் சொன்னபடி கேட்கவில்லை. படிக்கட்டில் உறைந்த பனியைக் கடப்பாரையால் உடைத்து, கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடுகிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், சபிரிடம் சொல்லாதே. இந்த வேலை போதும் என்று தோன்றுகிறது. காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, சலிப்புதான்.

வேறு வேலையும் தானாக வந்து வாசலில் நிற்கிறது. போன நடையில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. மாப்பிள்ளைத் தோழன் குடித்துவிட்டு மேல்படுக்கையில் நின்று ஆடினான். அவனை இறக்கி, கையில் விளக்குமாற்றைக் கொடுத்துப் பெட்டி முழுக்கக் கூட்டவைத்தேன். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மாள். அல்மாத்தியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறாளாம். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க உக்காந்து நான் பார்க்கவே இல்லியேம்மா! என் மண்டபத்துக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்றாள். இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். யோசிக்கிறேன்.

சபிரை மாலைப் பாலில் நெய் போட்டுக் குடிக்கச் சொல். இங்காருக்கு முத்தம்.

உன் அக்கா குல்பரம்

*

கோஸ்குதுக்
மார்ச் 24

அன்புள்ள ஓயாக்கா,

பசு கன்று போட்டது, கிடாரி. நௌரிஸ் புத்தாண்டு அன்றைக்கே பிறந்ததால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லோரும் நலம். நீங்கள் நலமா?

அதைவிடப் பெரிய செய்தி, நௌரிஸ் கூழ்ப் பானையைச் சுற்றி எல்லோரும் நின்றபோது இங்கார் என் பாவாடையை விட்டுவிட்டு நடந்தாள்! பானை வரை போனாள். கூழுக்குள் கை விட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மண்டபத்து வேலை உங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. நீங்கள் நடுவில் நடந்து போனால் அல்மாத்திக் கூட்டம் தானாக வரிசையில் நிற்கும். இங்கே ஸ்டேஷனில் ரொட்டி விற்கும் பெண்கள்கூட உங்கள் பெட்டி வருகிறது என்றால் தலைத்துணியைச் சரிசெய்துகொள்கிறார்கள். "உங்க நாத்தனார் ஒரு தடவ பார்த்தாப் போதும், எங்க தராசு நேராயிடுது" என்கிறாள் ஒருத்தி.

ஆனால் கயிறு பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கி வைத்துவிட்டேன். கத்தரியும் தயார். எந்த நாள் லீவு கிடைக்கும் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பாதை சீராக இருக்கட்டும்.

ஐஜமால்

*

அல்மாத்தி
ஏப்ரல் 12

அன்புள்ள ஐஜமாலுக்கு,

கன்றுக்கு என் வாழ்த்து. உங்கள் எல்லோருக்கும் சுகம் உண்டாகட்டும். நான் நலம்.

இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. மேற்கே எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் முகாம். தங்கும் கொட்டகைகளுக்கெல்லாம் மேற்பார்வை. பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு. சம்பளத்தைக் கேட்டு சோயா உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டவர் ஒரு இன்ஜினியர். "ஏறுனதிலருந்து பாக்கறேன், நின்னுட்டேதான் இருக்கீங்க. எங்க முகாமுக்கு உங்க மாதிரி நாலு கால் போதும்" என்றார். எனக்கு இருப்பது இரண்டுதான் என்றேன். சிரித்தார்.

கயிறு விஷயம். வேறு யாரையாவது பார். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நல்ல விறுவிறுப்பான மனுஷி. அவளைக் கேள். எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

பிள்ளையை ஈரத் தரையில் விடாதே.

குல்பரம்

*

கோஸ்குதுக்
ஏப்ரல் 20

குல்பரம் அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மாடும் நலம்.

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். ஓயாக்கா எனக்கு லீவு இல்லை என்று சொல்லமாட்டார். கயிறு அறுப்பவருக்குக் கொடுக்கும் துணியைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே, அதுதான் குறையா? பச்சை வெல்வெட் எடுத்து வைத்திருக்கிறேன். இல்லை, மண்டபமும் முகாமும் கூப்பிடுகிற நேரத்தில் கோஸ்குதுக் சின்ன ஊராகிவிட்டதா?

தலைமையாசிரியையின் நடை எனக்கு வேண்டாம். அவர் வாத்து மாதிரி நடப்பார்.

ஐஜமால்

*

கோஸ்குதுக்
மே 30

அன்புள்ள ஓயாக்கா,

மாட்டைப் பற்றிக் கேட்க வேண்டாம், நலமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நலமில்லை. அதை மறைத்தீர்கள்.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. வண்டி வந்தது, போனது. ஐந்தாம் பெட்டி வாசலில் சோயாதான் நின்றாள். "குல்பரம் உள்ள வேலையா இருக்கா" என்பாள். போன திங்கட்கிழமை பொறுக்க முடியவில்லை. இங்காரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தயிர்ப் பானையோடு ஏறிவிட்டேன். சோயா குறுக்கே கை வைத்தாள். நான் குனிந்து அந்தக் கைக்குக் கீழே புகுந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். உங்கள் இரண்டு காலும் வாளித் தண்ணீரில். முழங்கால் வரை நரம்பெல்லாம் முறுக்கிய கயிறாகப் புடைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் போனீர்கள். வாளி கவிழ்ந்தது.

"நீ எதையும் பாக்கல. இறங்கிப் போ" என்றீர்கள்.

"வண்டி கிளம்பிடுச்சு அக்கா."

"அப்ப கண்ண மூடிக்க."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டருக்கு என்ன, உக்காந்துட்டே சொல்லுவார். 'இனிமே நிக்காதே'ன்னார். நின்னுட்டுதான் கேட்டேன்."

அதற்கு மேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதனால் நீங்கள் பார்க்காததை நான் சொல்கிறேன். அடுத்த ஸ்டேஷன் வரை உங்கள் தேநீர்த் தட்டை நான்தான் தூக்கினேன். பெட்டி ஆடுகிறது, கண்ணாடி டம்ளர்கள் தாளம் போடுகின்றன, நடை வழியெல்லாம் மூட்டையும் காலும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் என் இடுப்பு விட்டுப்போனது. ஒரு கிழவர் கேட்டார், "எங்க பொண்ணு எங்கே? என் மருந்து வேளை அவளுக்குத்தான் தெரியும்." கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "அவங்க இருந்தா நான் தூங்குவேன். அவங்க இருந்தாத்தான் தூங்குவேன்" என்றாள். உங்கள் சொந்தக்காரி என்றதும் எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை, வெட்கமாக இருந்தது.

என் ஏப்ரல் கடிதத்தைக் கிழித்துக் கொதிகலனில் போடுங்கள்.

உங்கள் கால்களுக்குச் சுகம் வரட்டும்.

உங்கள் ஐஜமால்

*

அல்மாத்தி
ஜூன் 14

ஐஜமால் கண்ணே,

போட்டுவிட்டேன். நன்றாக எரிந்தது, தேநீரும் கொதித்தது.

பார்த்துவிட்டாய், இனி மறைத்து என்ன. இரண்டு குளிர்காலமாக இப்படித்தான். கீழே இறங்கினால் திரும்ப ஏறக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கிறது. அதை நீ பார்க்க வேண்டாம் என்றுதான் வாசலிலேயே நின்றேன். சோயா என் பங்கு கரியையும் சேர்த்து அள்ளுகிறாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. அப்படி ஒரு மனுஷி.

கயிற்றுக்கு வருகிறேன். அறுக்கிறவர் நடை பிள்ளைக்கு வரும் என்று நீயே எழுதினாய். இந்தக் கால் என் தம்பி மகளுக்கு வேண்டாம் ஐஜமால். அவ்வளவுதான் காரணம். துணியும் இல்லை, மண்டபமும் இல்லை. பச்சை வெல்வெட் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

முகாம் வேலைக்குச் சம்மதம் எழுதப் போகிறேன். தெரியும், அதுவும் நிற்கிற வேலைதான். மண்டபத்து அம்மாள், இன்ஜினியர் இரண்டு பேரும் என்னை விரும்பியது நான் உட்காராததற்காக. "ஐயா, எனக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா" என்று கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். வெட்கம். ஊரெல்லாம் என்னைச் சொல்லிப் புகழ்வதே அந்த ஒன்றைத்தான். அதை விட்டால் நான் யார்? நீ வைத்த பெயரே அதுதானே.

பதினைந்து நாள் நின்றால் பதினைந்து நாள் படுத்திருக்கலாம். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

குடும்பத்தோடு நலமாக இரு.

குல்பரம்

*

கோஸ்குதுக்
ஜூன் 25

அன்புள்ள ஓயாக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். கன்று என் துணிக்கொடியைத் தின்கிறது.

முகாமுக்கு எழுதாதீர்கள். எழுதியிருந்தால், இன்னொரு கடிதம் எழுதி அதை ரத்து செய்யுங்கள். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்.

நம் ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் பேசும் பெண் தன் மகளோடு இருக்க அஸ்தானா போகிறாள். நான் ஸ்டேஷன் மாஸ்டர் துலெகெனிடம் போய்ச் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"ஐந்தாம் பெட்டி குல்பரமா? 'கோஸ்குதுக் வருது, எழுந்திருங்க மக்களே'ன்னு அவ உள்ள கத்துறது எனக்கு இங்க பிளாட்பாரத்துல கேக்கும். அந்தக் குரலுக்கு மைக்கே வேணாம்."

"ஆனா அவங்களுக்குக் கால் வலி மாஸ்டர். நிக்க முடியாது."

"யாரும்மா நிக்கச் சொன்னா? மைக்குக்கு முன்னால நாற்காலி இருக்கு. செப்டம்பர் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல மேலிடத்துல வேற ஆளை அனுப்பிடுவாங்க."

சம்பளம் குறைவு, மறைக்கவில்லை. முகாம் சம்பளத்தில் பாதிகூட வராது. அல்மாத்தி அறையையும் விட வேண்டும். எங்கள் வீட்டில் கிழக்கு அறை சும்மா கிடக்கிறது, கன்றை மட்டும் உள்ளே விடக் கூடாது.

கயிறு பற்றி. அந்தக் காலோடு அந்தப் பெட்டியில் இரண்டு குளிர்காலம் நடந்திருக்கிறீர்கள். நல்ல கால் இருந்தால் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல. ஆனால் என் மகளுக்கு எப்போது உட்கார வேண்டும் என்றும் தெரிய வேண்டும். அது உங்களுக்கே இன்னும் வரவில்லை. ஆகவே முடிவு செய்துவிட்டேன். நீங்கள் ஒரு நாற்காலியில் உட்காரும் வரை இங்காரின் கயிறு அறுபடாது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

பிடிவாதத்தில் உங்கள் தம்பி மனைவி,
ஐஜமால்

*

அல்மாத்தி
ஜூலை 11

ஐஜமாலுக்கு,

நலம். மாட்டுக்கும் மனிதருக்கும் நலம் கோருகிறேன், உன் பிடிவாதத்துக்குக் கோரவில்லை.

உட்கார்ந்துகொண்டு பேசுவதெல்லாம் ஒரு வேலையா? வேர்க்காத கூலியை எந்த முகத்தோடு வாங்குவது? சோயாவிடம் சொன்னேன், "கல்லு மாதிரி உக்காந்து ரயில் வருது, ரயில் போகுதுன்னு சொல்லணுமாம்" என்று. அவள் கரிச்சட்டியைக் கீழே வைத்தாள். பத்து வருடத்தில் முதல் தடவையாகக் கத்தினாள். "நீ போகலேன்னா நான் போறேன். அப்ப உன் கரிய யாரு அள்றான்னு பாக்கறேன்!"

பிறகு மூன்று மணி நேரம் ஒவ்வொரு கதவையும் அடித்துச் சாத்தினாள். பெட்டியே அதிர்ந்தது.

பிள்ளை நடந்து எத்தனை மாதம் ஆகிறது, கயிறு அறுக்காமல் வைத்திருக்கிறாயே, வாழ்நாளெல்லாம் தடுக்கி விழுவாள் என்று உனக்குப் பயமில்லையா? இது என்மேல் போடுகிற பழி.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், அந்த நாற்காலிக்குக் கை இருக்கிறதா?

குல்பரம்

*

கோஸ்குதுக்
ஜூலை 22

அன்புள்ள ஓயாக்கா,

எல்லோரும் நலம். நாற்காலிக்குக் கை இருக்கிறது. இரண்டு கை. இருக்கை கொஞ்சம் கடினம் என்பதால் பச்சை வெல்வெட்டை வெட்டி மெத்தை தைத்துவிட்டேன். கால் தூக்கி வைத்துக்கொள்ள உங்கள் தம்பி ஒரு பலகை அடித்திருக்கிறார். அடித்தபோது இருமக்கூட இல்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல அக்கா" என்று பலகையிடம் மட்டும் கேட்டார்.

இங்கார் நடக்கவில்லை, ஓடுகிறாள். கிணற்றடியில் பெண்கள் "கயிறு அறுக்காத பொண்ணு ஓடுது பாரு" என்று கன்னத்தில் கை வைக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறேன்.

பெயரை மாற்ற வேண்டுமா? யோசித்து வைக்கட்டுமா?

காத்திருக்கும்
ஐஜமால்

*

கோஸ்குதுக் ஸ்டேஷன், மைக் முன்னால்
செப்டம்பர் 3

ஐஜமால் கண்ணே,

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும்.

பசு நலம், காலையில் நானே பார்த்தேன். நானும் நலம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

நேற்று கயிறு அறுத்தபோது நீ முகத்தை மூடிக்கொண்டு அழுததில் எதையும் பார்த்திருக்க மாட்டாய். அதனால் சொல்கிறேன். மாஸ்டர் இந்த நாற்காலியையே தூக்கி வந்து முற்றத்தில் போட்டார். ஊரே நிற்க நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. அறுத்ததும் பிள்ளை ஓட வேண்டும், எல்லோரும் கைதட்டக் காத்திருந்தார்கள். அவள் ஓடவில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி மடியில் உட்கார்ந்தாள். "போ, போ!" என்று கூட்டம் கத்தியது. அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு ஆசை தீர உட்கார்ந்தாள். பிறகுதான் வழுக்கி இறங்கி ஓடினாள். நீ கேட்டது இரண்டும் அவளுக்கு வந்துவிட்டது, வரிசை மட்டும் மாறிவிட்டது.

இன்று மதியம் மேற்கே போகும் வண்டி வந்தது. நான்தான் அறிவித்தேன். ஐந்தாம் பெட்டி என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. சோயா படியிலிருந்து இறங்கி, "உக்காந்துட்டியா மகாராணி?" என்று கத்தினாள். புதுப் பெண் ஒருத்தி அவள் பின்னால் தேநீர்த் தட்டோடு தடுமாறினாள். என் கால் எழுந்திருக்கத் துடித்தது. எழுந்திருக்கவில்லை. மைக்கை இழுத்து, "ஐந்தாம் பெட்டி சோயாவுக்குப் பிரயாணம் சுகமாகட்டும்" என்றேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் திட்டினார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெயரை மாற்றாதே. காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை சபிரிடம் கொடுக்கவில்லை. இங்காரின் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவன் அவளை முற்றத்து வேலி வரை தூக்கி வந்து இறக்கிவிடுவான். அங்கிருந்து அவளே வருவாள். கதவைத் திறந்து வை. வழியில் எங்காவது உட்கார்ந்தால் கூப்பிடாதே, உட்காரட்டும். தானே எழுந்து வருவாள்.

உன் ஓயாக்கா